ஆதாயம் ஒருவருக்கு, வழக்கு இன்னொருவருக்கு

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரச் செய்திகளை நாளிதழில் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்த நான்கு வரிச் செய்தி கிட்டத்தட்ட மனப்பாடம். வீட்டை வாடகைக்கு எடுத்து விபச்சாரம், ரகசியத் தகவலின்பேரில் போலீஸ் சோதனை, புரோக்கர் கைது, இரண்டு மூன்று பெண்கள் மீட்கப்பட்டுக் காப்பகத்தில் ஒப்படைப்பு. கூடவே, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்களின் படம். தெருப்பெயர் மாறும், செய்தி மாறாது. அதில் வழக்கமாகக் காணாமல் போகிறவர்கள் சிலர் உண்டு: பணம் கொடுத்து வந்தவர், தெரிந்தே வாடகை வாங்கியவர், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அந்தப் பெண்ணை ஊரிலிருந்து முதலில் கூட்டிவந்தவர். பாலியல் வணிகத்தால் சமூகத்துக்கு என்ன கேடு என்று கேட்டால் நாம் சொல்லும் பதிலும் இந்தச் செய்தியின் அச்சிலேயே இருக்கிறது. நோய், ஒழுக்கக்கேடு, குடும்பச் சிதைவு என்று வரிசையாகச் சொல்லி எல்லாவற்றையும் பெண்ணின் பற்றில் எழுதிவிடுகிறோம். கேடு யாரால் விளைகிறது, யார் தலையில் விழுகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

வெள்ளானூர் ஆவடிக்கு வடக்கே, வேல்டெக் சாலையில் இருக்கிற ஊர். வயலும் ஏரியுமாக இருந்த இடம் இன்று கல்லூரி, மாணவர் விடுதி, மனைப்பிரிவு, வாடகைக் குடியிருப்பு என்று ஆகிவிட்டது. கொஞ்ச தூரத்தில் வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை, அதை ஒட்டிக் கிடங்குகள், லாரிகள். செங்குன்றம் பக்கம் போனால் அரிசி ஆலைகளும் செங்கல் சூளைகளும். ஆவடியில் தளவாடத் தொழிற்சாலைகள், முகாம்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தை விட்டு வந்த இளைஞர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கிறார்கள். வெள்ளானூரில் இந்த வணிகம் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. அது தமிழ்நாட்டில் ஒளிந்து நடப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் சென்னையின் மேற்குப் புறநகர் ஊர் ஒவ்வொன்றிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். வந்துபோகச் சாலை, கேள்வி கேட்காத வீட்டுக்காரர், பக்கத்து வீட்டில் யார் என்று அறியாத குடித்தனம், ஒரு செல்போன்.

மும்பைக்குக் காமாட்டிபுரா, கொல்கத்தாவுக்குச் சோனாகாச்சி, டெல்லிக்கு ஜி.பி. ரோடு என்பதுபோல ஊரறிந்த தெரு ஒன்று தமிழ்நாட்டில் இல்லை. நம்மில் பலருக்கு இது பெருமையாகவே இருக்கிறது. நடைமுறையில் இதன் பொருள், வணிகம் லாட்ஜ், பேருந்து நிலையம், நெடுஞ்சாலை ஓரம், வாடகை வீடு என்று சிதறிக் கிடக்கிறது என்பதுதான். சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா 1992இல் தொடங்கிய சுகாதாரத் திட்டத்திலிருந்து 1995இல் துர்பார் மகளிர் அமைப்பு பிறந்தது. பெண்களே வட்டிக்காரனை எதிர்த்துக் கூட்டுறவு வங்கி நடத்தினார்கள். புதிதாகக் கொண்டுவரப்படும் சிறுமியைக் கண்டுபிடிக்கச் சுயகட்டுப்பாட்டுக் குழு வைத்தார்கள். அந்தத் தெருவின் கொடுமைகள் தீர்ந்துவிட்டன என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு பெண் இருந்தாள். புறநகர் வாடகை வீட்டில் இருப்பவளுக்குப் புரோக்கரைத் தவிர ஊரில் ஒருவரையும் தெரியாது. எந்த வீடு, எத்தனை நாள், யார் வருவார், கையில் எவ்வளவு தங்கும் என்று எல்லாம் அவன் சொல்வதுதான். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால் ஊருக்கு நிம்மதி, அவனுக்கு அதிகாரம்.

இந்தச் சிதறலுக்கு இன்னொரு விலையும் உண்டு. கேடுகளின் பட்டியல்களில் அது ஏறுவதே இல்லை. ஒரு குடியிருப்பில் சோதனை நடந்தால் அடுத்த மாதம் அந்தப் பகுதியில் தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு கிடைக்காது. கணவரைப் பிரிந்தவர், கைம்பெண், இரவுப் பணிக்குப் போகிறவர், மணிப்பூரிலிருந்தோ மிசோரத்திலிருந்தோ வந்து அழகு நிலையத்தில் வேலை செய்கிறவர் என்று எல்லோரும் சந்தேகப் பட்டியலில். ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்ற பலகை மாட்டப்படும். வேறு யாரோ சம்பாதித்த அவப்பெயருக்கு முன்பணத்தைக் கூட்டிக் கொடுப்பவர்கள் இவர்கள்.

பூட்டிவைத்த மருத்துவமனைகள்

மேற்குப் புறநகருக்கு இந்தக் கதையில் பழைய பங்கு ஒன்று இருக்கிறது. பூந்தமல்லியும் பரங்கிமலையும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கிய இடங்கள். மணமாகாத ஆயிரக்கணக்கான ஆண்களைக் கடல்கடந்து கொண்டுவந்து இறக்கிய அரசு, அவர்களுக்கு மேகநோய் வந்து படை படுத்துவிடுமோ என்று பயந்தது. தீர்வாக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் ‘லாக் ஆஸ்பத்திரி’கள் வந்தன. முகாமைச் சுற்றியிருந்த பெண்களைப் பிடித்துவந்து சோதித்து, நோய் இருந்தால் குணமாகும்வரை பூட்டிவைக்கும் இடங்கள் அவை. 1864இன் கன்டோன்மென்ட் சட்டமும் 1868இன் தொற்றுநோய்ச் சட்டமும் அதற்கு முழுச் சட்ட வடிவம் கொடுத்தன. பெண் தன் பெயரைப் பதிய வேண்டும், முறை தவறாமல் சோதனைக்கு வர வேண்டும், தவறினால் தண்டனை. சிப்பாய்க்கு அந்தச் சட்டத்தில் வேலையில்லை. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லரின் இயக்கம் எழுந்து, 1888இல் அந்தச் சட்டம் இந்தியாவில் விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும் முகாம்களில் பழைய வழக்கம் தொடர்ந்ததை அமெரிக்கப் பெண்கள் இருவர், காதரின் புஷ்னெலும் எலிசபெத் ஆண்ட்ரூவும், 1890களின் தொடக்கத்தில் நேரில் வந்து பார்த்து அம்பலப்படுத்தினார்கள்.

ஆணின் நோய்க்குப் பெண்ணைப் பூட்டிவைக்கும் இந்த ஏற்பாடு வெள்ளையரோடு கப்பலேறிப் போகவில்லை. 1930இல் சென்னை மாகாணம் விபச்சாரத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசி முறையை ஒழிக்க அவரும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் வெவ்வேறு மேடைகளிலிருந்து போராடினார்கள். 1947இல்தான் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டும் வழக்கம் குறைந்தது, நல்லதே. ஆனால் மானிய நிலம் போய், கலை போய், வேறு பிழைப்பு கற்றுத்தராமல் நிறுத்தப்பட்ட குடும்பங்களின் பெண்கள் எங்கே போனார்கள் என்பதை அன்றைய விவாதங்கள் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வழக்கத்தைத் தடைசெய்வது எளிது. அதை நம்பி வாழ்ந்தவளுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழிசெய்வது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலையில் நாம் அன்றும் பின்தங்கியிருந்தோம்.

1950இல் இந்தியா, ஆள்கடத்தலையும் பாலியல் சுரண்டலையும் ஒடுக்குவதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, அதன் தொடர்ச்சியாக 1956இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1986இல் திருத்தப்பட்டு ‘ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம்’ என்று இன்றைய பெயரைப் பெற்றது.

1986, மயிலாப்பூர்

அதே 1986இல் சென்னையில் நடந்த ஒன்று, பாலியல் வணிகத்தையும் நோயையும் பற்றி நாம் பேசும் விதத்தையே மாற்றியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்தார்: எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று தேடு. அது அமெரிக்க நோய், ஒழுங்கான இந்தியாவுக்கு வராது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கு முதல் சிக்கல், பெண்களை எங்கே தேடுவது என்பதுதான். பம்பாய்போல இங்கே தனித் தெரு இல்லையே. அரசுப் பொதுமருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த பெண்களோடு பழகி, அவர்கள் வழியாக மயிலாப்பூரில் இருந்த அரசுக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். போலீஸ் பிடித்து, ஜாமீன் கட்ட ஆளில்லாமல் அடைந்துகிடந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்து, மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போனார். ஆறு மாதிரிகளில் நோய்க்கிருமி தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்த பிறகு, அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டப்பேரவையில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான்.

நிர்மலாவின் துணிச்சலையும் சுனிதி சாலமனின் தொலைநோக்கையும் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சுனிதி பிறகு 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கித் தம் வாழ்நாளையே நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஆனாலும் இந்தக் கதையில் ஓர் உறுத்தல் இருக்கிறது. எந்தச் சோதனைக்காக ரத்தம் எடுக்கப்பட்டது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களுக்கு அந்தக் கிருமி வானத்திலிருந்து இறங்கவில்லை. பணம் கொடுத்த யாரோ ஒருவரிடமிருந்து வந்தது. அவர் வீட்டில் அவர் மனைவி இருந்திருப்பார். ஆனால் செய்தி வெளியானதும் நாடு பார்த்தது ‘விபச்சாரிகளால் பரவும் நோய்’ என்ற ஒன்றை. பரப்பியவர், பெற்றவர் என்ற இடங்கள் தலைகீழாயின.

அடுத்து வந்தது லாக் ஆஸ்பத்திரியின் மறுபிறவி. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் பெண்கள் காப்பகத்திலேயே அடைத்துவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளராக இருந்த ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல் அவர்கள் வெளியே வந்தார்கள். அதே ஆண்டில் மும்பை விடுதிகளில் இருந்த தமிழ்ப் பெண்களை நூற்றுக்கணக்கில் மீட்டுச் சிறப்பு ரயிலில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் பெற்ற அந்த ரயிலில் வந்தவர்களுக்குக் காத்திருந்தது காப்பகமும் கட்டாய ரத்தப் பரிசோதனையும்தான். தையல் எந்திரமும் அப்பளக் கட்டும் மறுவாழ்வு என்று பெயர் சூட்டப்பட்டு எத்தனையோ திட்டங்களில் வந்துபோயின. மும்பையில் தான் அனுப்பிய பணத்தில் தங்கைக்குக் கல்யாணம் நடந்த வீட்டிலேயே வாசலில் நிறுத்தப்பட்டவளுக்கு அப்பளம் இட்டு ஆகப்போவது என்ன?

பின்னாளில் தமிழ்நாடு பாதையை மாற்றிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை 1994இலேயே, நாட்டுக்கே முதலாக, இங்கே அமைத்தார்கள். அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் பெண்களைப் பூட்டிவைப்பதை விட்டு, அவர்களில் சிலரையே களப்பணியாளராக்கி, ஆணுறையை லாரி நிறுத்தம்வரை கொண்டுபோனார்கள். நோய்ப் பரவல் அதிகமுள்ள ஆறு மாநிலங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட தமிழ்நாடு அந்த நிலையிலிருந்து வெகுவாக இறங்கிவந்தது. நோயைக் குறைத்தது சோதனையும் சிறையும் அல்ல, அந்தப் பெண்ணை நம்பியதுதான் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இருக்கும் சான்று இது.

குழந்தை என்ற இடத்தில் விவாதம் முடிகிறது

வயது வந்தவர் விரும்பிச் செய்வது, வற்புறுத்திச் செய்விப்பது என்ற வாதம் முடிவில்லாமல் நீளக்கூடியது. குழந்தைகள் விஷயத்தில் அதற்கு இடமே இல்லை. கடலூர் மாவட்டம் திட்டக்குடியில் 13, 14 வயதுப் பள்ளிச் சிறுமிகள் இருவரை 2014இல் இந்த வணிகத்தில் தள்ளிய வழக்கில், 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேருக்குத் தண்டனை விதித்தது. மதபோதகர் ஒருவருக்கு 30 ஆண்டுச் சிறை. சென்னை வண்ணாரப்பேட்டை வழக்கு 2020 நவம்பரில் வெளிவந்தது. 13 வயதுச் சிறுமியை உறவினர்களே விற்றார்கள். 2022 செப்டம்பரில் போக்சோ நீதிமன்றம் 21 பேரைக் குற்றவாளிகள் என்றது. எட்டுப் பேருக்கு ஆயுள், மற்றவர்களுக்கு இருபது ஆண்டு. தண்டனை பெற்றவர்களில் ஒரு காவல் ஆய்வாளரும் ஓர் அரசியல் கட்சிப் பிரமுகரும் இருந்தார்கள்.

இரண்டு வழக்கிலும் கவனிக்க வேண்டியது, வாங்க வந்தவர்களின் முகம் தெரிந்ததுதான். சிறுமி என்பதால் போக்சோ பாய்ந்தது; பாய்ந்ததும் போலீஸ், பிரமுகர், போதகர் என்று ஊர்ப் பெரியமனிதர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஏதோ காமக்கொடூரர் நால்வர் என்று ஒதுக்கிவிட முடியாத வரிசை அது. அதே சிறுமி பதினெட்டு வயதும் ஒரு நாளும் ஆனபின் பிடிபட்டிருந்தால், அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் வழக்கில் இருந்திருப்பார்கள்? இந்த வணிகத்தில் இருக்கும் பெண்களில் பலர் சிறுவயதில் நுழைந்தவர்கள். வயது வந்தபின் சட்டம் அவளைப் பார்க்கும்போது அவள் வந்த வழி சட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

வந்த வழியில் பெரும்பாலும் ஒரு கடன் இருக்கும். வேலை, சினிமா வாய்ப்பு, காதல், கல்யாணம் என்று எந்தப் பெயரில் அழைத்துவந்தாலும், வந்து சேர்ந்ததும் பயணச் செலவு, சாப்பாடு, துணி, வீட்டுக்கு அனுப்பிய முன்பணம் என்று ஒரு கணக்கு திறக்கப்படும். அவள் ஈட்டுவதெல்லாம் அதற்கே போகும். நளினி ஜமீலா 2005இல் மலையாளத்தில் எழுதித் தமிழிலும் வந்த தன்வரலாற்றில், கணவர் இறந்தபின் குழந்தைகளைக் காக்கக் கூலி வேலைச் சம்பளம் போதாமல் இதற்கு வந்ததை எந்தப் பரிதாபமும் தேடாமல் சொல்கிறார். இதைத் தொழிலாக அங்கீகரிக்கக் கேட்பவர் அவர். அவரோடு உடன்படாதவர்கள்கூட அவர் கூலிக் கணக்கைப் படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

விமானத்தில் வரும் வாடிக்கையாளர்

பாலியல் சுற்றுலா என்றதும் தாய்லாந்து நினைவுக்கு வருவது தற்செயல் இல்லை. 1960இல் விபச்சாரத்தைத் தடைசெய்த நாடு அது. 1966இல் பொழுதுபோக்கு இடங்களுக்கான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து பின்கதவைத் திறந்துவைத்தது. 1967இல் வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்கு வரும் அமெரிக்கச் சிப்பாய்களை வரவேற்க ஒப்பந்தம். மீனவர் ஊராக இருந்த பட்டாயா எப்படி ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். பிலிப்பைன்ஸில் கிளார்க், சூபிக் தளங்களைச் சுற்றி ஏஞ்சலஸ், ஒலோங்கப்போ நகரங்கள் அதே மாதிரி வளர்ந்தன. தளங்கள் 1991, 1992இல் மூடப்பட்டன. ஏஞ்சலஸில் மதுக்கூடங்கள் சுற்றுலாப் பயணிகளை வைத்துப் பிழைத்துக்கொண்டன. பரங்கிமலை முகாமில் தொடங்கிய அதே கணக்குதான் இது, பயணச்சீட்டு மட்டும் கூடுதல்.

1998இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் பாலியல் துறையின் பங்கு உள்நாட்டு உற்பத்தியில் 2 முதல் 14 சதவீதம்வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்நியச் செலாவணி வேண்டிய ஏழை நாடு ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது என்பதற்கு அந்த எண்ணே விளக்கம். விமான நிறுவனம், ஓட்டல், மதுக்கூடம், டாக்சி, போலீஸ் மாமூல் என்று எல்லோரும் எடுத்தது போக, வடகிழக்குத் தாய்லாந்தின் வறண்ட கிராமத்துக்குப் போய்ச் சேருவது மிச்சம்.

இலங்கையில் கதை வேறு மாதிரி. 1970களில் தென்மேற்குக் கடற்கரை வெள்ளைக்காரர்களுக்காகத் திறந்தபோது நீர்கொழும்பிலும் ஹிக்கடுவையிலும் பலியானவர்களில் பெரும்பகுதி சிறுவர்கள். வழிகாட்டவும் சங்கு விற்கவும் கடற்கரைக்குப் போன பையன்கள். சைக்கிள், கைக்கடிகாரம், பள்ளிக் கட்டணம், வீட்டுக்குக் கூரை என்று வந்த வெளிநாட்டவரைக் குடும்பம் தர்மப்பிரபுவாகவே பார்த்தது. மொரீன் செனவிரத்ன போன்றவர்கள் ‘பீஸ்’ என்ற அமைப்பின் வழியாக 1990களில் இடைவிடாமல் எழுதியும் பேசியும் இதை வெளியே கொண்டுவந்தார்கள். தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் 1998இல் வந்தது. ஆனால் தெருவில் நிற்கும் பெண்மேல் போட 1841இன் நாடோடிகள் கட்டளைச் சட்டம் இன்னும் கைவசம் இருக்கிறது.

இந்தியாவில் இந்தத் தர்மப்பிரபு முகமூடி பெரும்பாலும் அநாதை இல்லம். கோவாவின் மட்காவில் ஃப்ரெடி பீட்ஸ் என்பவன் நடத்திய இல்லத்தில் 1991இல் சிக்கிய படங்கள் உலகத்தையே அதிரவைத்தன. 1996இல் ஆயுள் தண்டனை. மும்பை கொலாபாவில் ‘ஆங்கரேஜ்’ என்ற காப்பகங்களை நடத்திய டங்கன் கிராண்ட், ஆலன் வாட்டர்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர்களுக்கு 2006இல் தண்டனை, 2008இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் தண்டனை. வெளிநாட்டுப் பணத்தில் இல்லம் நடத்துகிறவர் என்றால் ஆவணத்தைக் கேட்கக் கூசும் மனம் நமக்கு உண்டு. புறநகர்களில் பதிவில்லாத இல்லங்கள் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இந்த இரண்டு வழக்குகளும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ஹைதராபாத்தின் அமீனாவையும் சேர்த்துக்கொள்ளலாம். 1991இல் முதிய சவூதிக்காரர் ஒருவருக்கு நிக்காஹ் செய்துவைக்கப்பட்டு விமானத்தில் அழுதுகொண்டிருந்த சிறுமி அவள். பணிப்பெண் ஒருவர் கேள்வி கேட்டதால் மீண்டாள். கல்யாணம் என்ற பெயரும் ஒரு சுற்றுலா விசாவாக முடியும்.

இதெல்லாம் வெள்ளைக்காரனும் அரபியும் செய்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாய்லாந்துக்கு 2024இல் போன இந்தியர்கள் சுமார் 21 லட்சம். 2023 நவம்பர் முதல் விசாவும் தேவையில்லை. அவர்களில் மிகப் பலர் குடும்பத்தோடு கோயிலும் கடலும் பார்த்துவிட்டு வருகிறவர்கள், சந்தேகமில்லை. ஆனால் சிமெண்ட், பெயிண்ட், டயர் என்று விற்பனை இலக்கை எட்டிய டீலர்களைக் கம்பெனி கூட்டிப்போகும் பாங்காக்–பட்டாயா பயணங்கள் பற்றி ஆவடிக் கடைத்தெருவில் பேசும்போது ஆண்கள் சிரிக்கும் சிரிப்புக்குப் பொருள் விளக்க வேண்டியதில்லை. வளரும் நாடுகளின் துயரம் என்று இந்தத் தலைப்பில் நாம் படித்த பழைய கட்டுரைகளில் இந்தியன் பாதிக்கப்பட்டவன் பக்கம் மட்டுமே இருந்தான். இப்போது சீட்டுக் காசு கொடுப்பவனாகவும் இருக்கிறான். கேட்டால் ‘அங்கே அதெல்லாம் சகஜம்’ என்று பதில் வரும். 1886இல் நம் ஊரைப் பற்றிக் கன்டோன்மென்ட் அதிகாரியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

சட்டம் யாரைப் பார்க்கிறது

நம் சட்டத்தின்படி தனியொரு பெண் தன் வீட்டில் இதில் ஈடுபடுவது தன்னளவில் குற்றமில்லை. விடுதி நடத்துவது, ஆள் பிடிப்பது, வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் அழைப்பது, கோயில், பள்ளி போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் நடத்துவது குற்றம். படிக்கச் சரியாகவே தோன்றும். 8ஆம் பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் அழைத்தால் முதல்முறை ஆறு மாதம்வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். 15ஆம் பிரிவில், மீட்கப்பட்டு நீதிபதி முன் நிறுத்தப்படுபவருக்கு வயதும் காயமும் மட்டுமல்ல, பால்வினை நோயும் இருக்கிறதா என்று மருத்துவச் சோதனை. 1868 அங்கே உட்கார்ந்திருக்கிறது. 4ஆம் பிரிவு, அவள் வருமானத்தில் வாழும் பதினெட்டு வயது தாண்டியவரைத் தண்டிக்கிறது. மாமாவுக்கு வீசிய வலை; கிழத்தாயும் கல்லூரியில் படிக்கும் மகனும் அதில் மாட்டலாம். வாடிக்கையாளர் என்ற சொல்லைத் தேடினால் சட்டத்தில் கிடைக்காது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல், சோதனையின்போது அங்கே இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவர்மேல் போட்ட வழக்கை ரத்துசெய்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025இல், பணம் கொடுப்பவர் பெண்ணை இதில் ஈடுபடத் தூண்டுபவரே, 5ஆம் பிரிவில் வழக்குத் தொடரலாம் என்றது. பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள், ஒரே சட்டம்.

புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில் 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு நிலைமையைக் கொஞ்சம் நேராக்கியது. விரும்பி இருக்கும் வயது வந்த பெண்ணைச் சோதனையில் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது. காப்பகங்களில் விருப்பமின்றி அடைபட்டிருப்பவர்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும். ஊடகங்கள் முகத்தையோ அடையாளத்தையோ வெளியிடக்கூடாது. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் ஆதார் கொடுக்க வேண்டும். வேன் படங்கள் இதற்குப் பிறகும் வரத்தான் செய்கின்றன. ஸ்பா, மசாஜ் நிலையங்கள் விஷயத்திலும் இதே இழுபறி. அங்கெல்லாம் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சொன்னார். அந்தரங்க உரிமையைக் காட்டி 2022 ஜனவரியில் அதன் மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி மாறுபட்டார்.

உலகத்தில் வழிகள் பல. சுவீடன் 1999இல் விற்பவரை விட்டு வாங்குபவரைக் குற்றவாளியாக்கியது. நியூசிலாந்து 2003இல் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. பெல்ஜியம் 2024இல் பாலியல் தொழிலாளருக்கு மகப்பேறு விடுப்பும் ஓய்வூதியமும் தந்தது. சுவீடன் வழியை அப்படியே இங்கே கொண்டுவந்தால், வாடிக்கையாளரைப் பிடிக்கும் அதிகாரம் முதலில் ஒரு புதிய மாமூலாக மாறும் என்ற பயம் எனக்கு உண்டு. முழு அங்கீகாரம் என்றாலோ, நம் ஊரில் உரிமம் எடுக்கப்போவது அந்தப் பெண் இல்லை. கட்டடமும் கட்சித் தொடர்பும் உள்ளவர். ஆகவே விற்பதா வாங்குவதா எது குற்றம் என்ற கேள்வியைவிட, நடுவில் நிற்பவனிடம் எவ்வளவு தங்குகிறது என்ற கேள்வியே நம் நிலைமைக்கு அதிகம் பொருந்துகிறது.

சோதனை நடந்த மறுநாள் என்ன ஆகிறது என்று பாருங்கள். காப்பகத்திலிருந்தோ வழக்கிலிருந்தோ வெளியே வர வக்கீல் வேண்டும், ஜாமீன்தாரர் வேண்டும். ஊருக்குச் சொல்ல முடியாது. வருவது புரோக்கரின் ஆள்தான். செலவு எல்லாம் அவள் கணக்கில் ஏறும். பெண்ணை விடுவிக்கப் போன சோதனையே அவள் கடனைக் கூட்டிக் கொடுத்து, ஒரு மாதத்தில் வேறொரு புறநகரில், வேறொரு வாடகை வீட்டில் கொண்டுபோய் விடுகிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே விபச்சார வணிகக் குற்றவாளிகள் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நடுவில் நிற்பவனைப் பிடிக்க ஆயுதம் இல்லாமல் இல்லை.

இன்று இந்தப் பணத்தில் பெரும்பகுதி கைக்குக் கை மாறுவதில்லை. விளம்பரம் இணையத்தில், பேரம் வாட்ஸாப்பில், முன்பணம் செல்போன் செயலியில். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, நேரம் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. வீட்டு வாடகையும் அநேகமாக அதே வழியில்தான் போகிறது. ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு வழக்கின் குற்றப்பத்திரிகையிலும், மீட்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், முடக்கப்பட்ட கணக்குகளின் எண்ணிக்கையும், அந்தக் கணக்குகளுக்குப் பணம் அனுப்பியவர்களின் பட்டியலும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வீட்டு உரிமையாளரின் வாக்குமூலமும் இருக்கட்டும்.